பால் மரத்து இலையை மூன்று விதமாகப் பார்க்கலாம்: கலையும் இயற்கையும் சேர்ந்த கண்காட்சிக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டிலிருந்து தைப்பிங்குக்குக் குடும்பத்தோடு கிளம்பினால் நம்மில் பெரும்பாலோர் போகும் இடங்கள் இரண்டு. ஒன்று ஏரிப் பூங்கா, இன்னொன்று 1961-இல் தொடங்கிய மிருகக்காட்சிசாலை. கொஞ்சம் தள்ளி, சிறைச்சாலைக்கு எதிரே இருக்கும் பேராக் அருங்காட்சியகத்தை வண்டியில் இருந்தபடியே கடந்து போய்விடுகிறோம். 1883-இல் தொடங்கப்பட்ட அதுதான் மலேசியாவின் மிகப் பழைய அருங்காட்சியகம். "உள்ளே என்ன இருக்கப்போகுது, பழைய பானையும் செத்த மிருகமும்தானே" என்று சொல்லிவிடுவார்கள். ஓவியக் கண்காட்சி என்றால் தயக்கம் இன்னும் அதிகம். படித்தவர்கள் போகிற இடம், நமக்கு அதில் என்ன புரியும் என்று நினைத்துவிடுகிறோம்.

எனக்கு இது உண்மையாகவே வருத்தம் தருகிற விஷயம். இந்த மாதிரிக் கண்காட்சிகளில் பாதி, மரத்தையும் செடியையும் பூச்சியையும் பறவையையும் பற்றியது. அவற்றோடு மூன்று தலைமுறை விடியற்காலையில் எழுந்து வேலை செய்தவர்கள் தோட்டத்து மக்கள். உள்ளே நுழைய நம்மைவிடத் தகுதியானவர்கள் குறைவு. எப்படிப் பார்ப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். அதைத்தான் இங்கே எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

இயற்கையைப் பற்றிய எந்தக் கண்காட்சியிலும் மூன்று வகைப் பொருள்கள் கலந்திருக்கும். இயற்கையிலிருந்து எடுத்துப் பாடம் பண்ணி வைத்த மாதிரி, அறிவியலுக்காக வரைந்த படம், கலைஞர் தன் மனசுப்படி படைத்த கலைப்படைப்பு. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நமக்கு நன்றாகத் தெரிந்த பால் மரத்து, அதாவது ரப்பர் மரத்து, இலையையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் மாதிரி. ஒரு பால் மரத்துக் கிளையை வெட்டி, காகிதங்களுக்கு நடுவே வைத்து அழுத்திக் காயவைத்து, தடித்த தாளில் ஒட்டிவிட்டால் அது தாவர மாதிரி. ஒரு காம்பில் மூன்று இலைகள் இருப்பது அப்படியே தெரியும். ஆனால் பச்சை போய்ப் பழுப்பாகிவிடும், வாசனை இருக்காது, தட்டையாகிவிடும். பார்க்க அழகாக இல்லையே என்று தோன்றும். அதன் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது: அது அந்தச் செடியேதான், யாரும் கற்பனை செய்தது கிடையாது. நூறு வருஷம் கழித்து ஒருவர் வந்து அந்த இலையின் நரம்பை உருப்பெருக்கியில் பார்க்கலாம், அளக்கலாம். கீழே மூலையில் ஒட்டியிருக்கும் சின்னச் சீட்டைக் கட்டாயம் படியுங்கள். செடியின் அறிவியல் பெயர், எங்கே கிடைத்தது, எந்த நாளில், யார் சேகரித்தார் என்று அதில் இருக்கும். அந்தச் சீட்டு தொலைந்தால் மாதிரி வெறும் காய்ந்த இலைதான். கெப்போங்கில் இருக்கும் வன ஆராய்ச்சிக் கழகத்தில் இப்படிப்பட்ட தாள்கள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன.

அடுத்து அறிவியல் படம். இதே பால் மரத்தை ஒரு தாவர ஓவியர் வரைந்தால் ஒரே தாளில் இலை, பூங்கொத்து, மூன்று அறை கொண்ட காய், புள்ளி போட்ட கொட்டை, பூவின் குறுக்குவெட்டு எல்லாம் இருக்கும். இலையுதிர்ந்து துளிர்க்கும் பருவத்தில் பூ வரும். காய் முற்றி 'பட்' என்று வெடிப்பது பல மாதங்கள் கழித்து. இரண்டையும் ஒரே கிளையில் ஒரே நாளில் பொதுவாகப் பார்க்க முடியாது. கேமராவால் செய்ய முடியாததை ஓவியர் செய்கிறார்: ஒரு வருஷத்தை ஒரு தாளுக்குள் கொண்டுவருகிறார். பூச்சி கடித்த ஓட்டை, காற்றில் கிழிந்த ஓரம் இவற்றையெல்லாம் பெரும்பாலும் விட்டுவிடுவார். ஒரு குறிப்பிட்ட மரத்தைக் காட்டுவது அவருடைய வேலை கிடையாது, அந்த இனத்தையே அடையாளம் காட்ட வேண்டும். அதனால்தான் இன்றைக்கும், இவ்வளவு நல்ல கேமராக்கள் வந்த பிறகும், புதிய செடிக்குப் பெயர் வைக்கும்போது கோட்டோவியம் சேர்க்கிறார்கள்.

மூன்றாவது, கலைப்படைப்பு. இங்கே ஓவியர் யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. பால் மரத்து நிரையை ஒருவர் கறுப்புக் கோடுகளாக மட்டும் வரையலாம். இன்னொருவர், மாசி மாதம் இலை சிவந்து உதிர்கிற நேரத்தின் நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மரத்தையே விட்டுவிடலாம். இலையின் நரம்பு சரியாக இருக்கிறதா என்று இங்கே தேடக்கூடாது. அந்த மரத்தடியில் நிற்பவருக்கு எப்படி இருந்தது என்பதைத்தான் தேட வேண்டும்.

இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைக்கும்போதுதான் கண்காட்சி களைகட்டும். எல்லையும் அவ்வளவு கறாராக இருக்காது. எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்றைச் சொல்கிறேன். மரியான் நார்த் என்ற ஆங்கிலேயப் பெண் ஓவியர் 1876-இல் சரவாக் வந்தார். சுண்ணாம்புக்கல் மலையிலிருந்து அவருக்குக் கொண்டுவந்து கொடுத்த பூச்சியைப் பிடிக்கும் ஒரு பெரிய குடுவைச் செடியை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். அந்தப் படத்தை இங்கிலாந்தில் பார்த்த நாற்றுப்பண்ணைக்காரர் ஒருவர், இது அறிவியலுக்குத் தெரியாத செடி என்று கண்டுகொண்டு, அதைத் தேடிவர சார்ல்ஸ் கர்ட்டிஸ் என்பவரை அனுப்பினார். செடி கிடைத்தது. நெப்பந்தஸ் நார்த்தியானா என்று ஓவியரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். ஓவியம் முதலில் வந்தது, மாதிரி பிறகு வந்தது! அந்த கர்ட்டிஸ்தான் பின்னர் 1884-இல் பினாங்கு தாவரவியல் தோட்டத்தை உருவாக்கியவர். அருவிப் பக்கம் குரங்கு பார்க்கப் போகிறோமே, அதே தோட்டம்தான்.

இங்கே ஒரு கேள்வி வரும். இந்தப் படங்களையெல்லாம் வரைந்தது வெள்ளைக்காரர்கள் மட்டும்தானா? கிடையவே கிடையாது. வில்லியம் ஃபார்குவார் மலாக்காவில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்தவர், பிறகு சிங்கப்பூரின் முதல் ரெசிடெண்ட், அதாவது ஆங்கிலேய ஆட்சிப் பிரதிநிதி. அவருக்காக 1800-களின் தொடக்கத்தில் சீன ஓவியர்கள் இந்த மண்ணின் விலங்கு, பறவை, மீன், செடிகளை நீர்வண்ணத்தில் வரைந்தார்கள். மொத்தம் 477 படங்கள். இன்று அவை சிங்கப்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மங்குஸ்தீனையும் ரம்புத்தானையும் அந்த ஓவியர்கள் எவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார்கள் என்று பார்க்கும்போது கண்ணை எடுக்க முடியாது. ஆனால் தொகுப்புக்கு ஃபார்குவார் பெயர். வரைந்தவர்கள் பெயர் தெரியாமலே போய்விட்டது.

தமிழ்நாட்டுப் பக்கமும் இதே கதைதான், கொஞ்சம் நல்ல முடிவோடு. சென்னை மாகாணத்தில் மருத்துவராகவும் தாவரவியலாளராகவும் இருந்த ராபர்ட் வைட் 1838-க்கும் 1853-க்கும் இடையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செடிப்படங்களை வெளியிட்டார். அவருக்காக வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு தென்னிந்திய ஓவியர்கள். அந்த இருவர் பெயரையும் வைட் படத்திலேயே அச்சிட்டார். ஒரு ஆர்க்கிட் வகைக்கு கோவிந்துவின் பெயரையும் வைத்தார். ஸ்காட்லாந்தின் எடின்பரோ தாவரவியல் தோட்டம் அந்த மூல ஓவியங்களை இன்று பாதுகாக்கிறது. ஆகவே எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் 'வரைந்தவர்', 'சேகரித்தவர்' என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்று பாருங்கள். காட்டுக்குள் வழி காட்டியவர், மரத்தில் ஏறிப் பூவைப் பறித்தவர் என்று யாரோ ஒருவர் எப்போதும் இருந்திருப்பார். இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் நம்முடைய இந்த வட்டாரத்துத் தீவுகளில் 125,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சேர்த்தார் என்பார்கள். அவரோடு சரவாக்கிலிருந்து கிளம்பிப்போய்ப் பறவைகளைச் சேகரித்த அலி என்ற மலாய் இளைஞரை நிறையப் பேருக்குத் தெரியாது. வாலஸ் அவரைப் பற்றி எழுதிவைத்ததால் அந்தப் பெயராவது தப்பித்தது.

சரி, தைப்பிங்குக்குத் திரும்புவோம். பேராக் அருங்காட்சியகத்தின் முதல் காப்பாளர் லெனர்டு ரே. அவரே செடி கொடிகளைச் சேகரித்தவர். நம் மலைகளில் பூக்கும் ரோடோடென்ட்ரான் என்ற பூஞ்செடியின் ஓர் இனத்துக்கு அவர் பெயர்தான் இருக்கிறது. இப்படி உள்ளூரிலேயே பிறந்த அருங்காட்சியகத்துக்கு ஒரு தனிப் பலம் உண்டு. பெரிய நகரத்தில் உலகமே இருக்கும். இங்கே நம் ஆறு, நம் மலை, நம் காடு இருக்கும். கண்ணாடிக்குள் இருக்கும் இருவாச்சி எந்த மலையில் கத்தும் என்று உங்கள் வீட்டுப் பெரியவருக்குத் தெரிந்திருக்கலாம்.

பாடம் பண்ணிய விலங்குகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதில் உண்மையாக இருப்பது பெரும்பாலும் தோல் மட்டும்தான். உள்ளே செயற்கை உருவம், கண்கள் கண்ணாடி. எந்த நிலையில் நிற்கவைப்பது, வாயைத் திறந்து வைப்பதா மூடி வைப்பதா என்று முடிவு செய்தவர் ஒரு கைவினைஞர். புலி எப்போதும் சீறுவதாகவே வைத்திருந்தால், அது புலியின் குணமா, வைத்தவரின் எண்ணமா என்று கேளுங்கள். பூச்சி அரிக்காமல் இருக்கப் பழைய காலத்தில் ஆர்செனிக் தடவினார்கள். அது விஷம். எனவே தொடாதீர்கள் என்ற பலகை பிள்ளைகளின் நன்மைக்கும்தான்.

சில பொருள்களைப் பாடம் பண்ணவே முடியாது. ரஃப்லேசியா என்ற மிகப் பெரிய காட்டுப் பூ விரிந்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது, கறுத்து அழுகிவிடும். அதனால் அருங்காட்சியகங்களில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் செய்த உருவம். அதைப் 'பொய்' என்று ஒதுக்க வேண்டாம். நல்ல உருவம் செய்ய ஒருவர் உண்மைப் பூவுக்குப் பக்கத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்து அளந்திருப்பார்.

ஏன் இவ்வளவு இருட்டாக வைத்திருக்கிறார்கள், ஏன் இப்படிக் குளிருகிறது? நிறையப் பேர் கேட்கும் கேள்வி இது. நீர்வண்ண ஓவியமும் பழைய தாளும் இறகும் வெளிச்சத்தில் வெளுக்கும். வெளுத்த நிறம் திரும்பி வராது. அதனால் அவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு வெளிச்சம் போதும் என்று உலகம் முழுவதும் கடைப்பிடிக்கிறார்கள். சாதாரண அலுவலக அறையில் 300 முதல் 500 லக்ஸ் வரை இருக்கும். உள்ளே நுழைந்ததும் ஒன்றிரண்டு நிமிஷம் நின்றால் கண் பழகிவிடும். நம் ஊரில் இன்னொரு எதிரி ஈரம். மழைக்காலத்தில் அலமாரிக்குள் துணியில் பூஞ்சை பூக்கிறதே, அதேதான் தாளுக்கும் நடக்கும். ஆகவே அறையின் ஈரத்தைப் பாதியளவில் பிடித்து வைக்கப் பார்க்கிறார்கள். ஏறி ஏறி இறங்கினால் இன்னும் கெடுதல், ஓவியத்தில் விரிசல் விழும். சின்ன ஊர்க் கூடங்களுக்கு மூல ஓவியங்கள் லேசில் வராததற்கு இதுவும் ஒரு காரணம். குளிர்சாதனத்தை இரவும் பகலும் ஓடவிட வேண்டும், காவல் வேண்டும், காப்பீடு வேண்டும். அதனால் அச்சுப்பிரதிகளாக வரும் சுற்றுக் கண்காட்சிகளை மட்டமாக நினைக்காதீர்கள். பார்ப்பதற்கு அவையும் நல்ல தொடக்கம்தான்.

இப்போது தோட்டத்து மக்களின் அறிவுக்கு வருகிறேன். பால் மரம் வெட்டுகிற ஓவியம் ஒன்று சுவரில் மாட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டு எந்தப் பக்கம் சரிகிறது என்று பாருங்கள். மரத்தைப் பார்த்து நின்றால், இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்க வேண்டும். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேராக ஏறுவதில்லை, சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும், பால் பிடிக்கும் மங்கில் அதிகப் பால் விழும். ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேலோட்டமாகப் போனால் பால் இல்லை. ஒரு தடவைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான் பட்டையைச் சீவ வேண்டும். இருட்டோடு இருட்டாகப் போனது ஏன்? வெயில் ஏற ஏறக் குழாய்க்குள் அழுத்தம் குறைந்துவிடும். மரத்தைக் கொல்லாமல் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்து இயக்குநர் ரிட்லி 1890-களில் வகுத்தார் என்று விளக்கப் பலகைகளில் படிக்கலாம், அது உண்மையும்கூட. ஆனால் அதை இருட்டில் தலைவிளக்கு வெளிச்சத்தில், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் தவறாமல் செய்த கை நம் பாட்டிமாருடையது. அவர்களைக் கண்காட்சிக்குக் கூட்டிப்போய் அந்த ஓவியத்தின் முன்னால் நிறுத்துங்கள். கைட் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

கோலக்கங்சாருக்குப் போனால் இன்னொன்றையும் பாருங்கள். 1877-இல் இந்த வட்டாரத்துக்கு வந்த முதல் ரப்பர் கன்றுகளில் சில அங்கே நடப்பட்டன. அவற்றில் ஒரு மரம் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் பலகையோடு நிற்கிறது. பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, இலங்கை, சிங்கப்பூர் வழியாக வந்த கதை அந்த மரத்துக்குப் பின்னால் இருக்கிறது. கடல் தாண்டி நம் முன்னோர் இங்கே வந்ததற்கும் அந்தக் கதைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கண்ணாடி இல்லாத, கூரை இல்லாத காட்சிப்பொருள் அது. அரை மணி நேரத்தில் போய்விடலாம்.

முதன்முறை போகும்போது எல்லாவற்றையும் பார்த்து முடிக்க நினைக்காதீர்கள். அறையை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். உங்களை இழுத்த ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து அதன் முன்னால் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். முதலில் பொருள், பிறகுதான் விளக்கச் சீட்டு. சீட்டைப் படித்துவிட்டுப் பார்த்தால் அது சொன்னது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். சீட்டு பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். வீட்டுப் பெரியவருக்குப் பிள்ளைகள் படித்துச் சொல்லலாம். பிள்ளையிடம் ஒரு பென்சிலும் சின்ன நோட்டும் கொடுங்கள். பல இடங்களில் பேனாவைவிடப் பென்சிலைத்தான் அனுமதிப்பார்கள். வரைந்த படம் நன்றாக வர வேண்டும் என்று அவசியம் இல்லை. வரைவதற்காகப் பார்க்கும்போதுதான் இலை விளிம்பு நெளிந்திருப்பது தெரியும். ஃபிளாஷ் மட்டும் போடாதீர்கள். அப்புறம், பழைய கட்டடங்களில் அடிக்கடி சீரமைப்பு நடக்கும். திறந்திருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன்னே கேட்டுக்கொள்ளுங்கள்.

சுங்கை சிப்புட்டைச் சுற்றிப் பல தோட்டங்களில் பால் மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ரப்பர் கொட்டையைச் சிமெந்துத் தரையில் தேய்த்துச் சூடாக்கி அடுத்தவன் கையில் வைத்து அலறவைத்த விளையாட்டு இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரே தாய்மரத்துக் கொட்டைகளுக்கெல்லாம் ஒரே மாதிரிப் புள்ளிக்கோலம் இருக்கும் என்பதும் தெரியாது. இதைத் தேசிய அருங்காட்சியகம் வந்து சேகரிக்கும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்ப்பள்ளி வகுப்பறையிலோ கோயில் மண்டபத்திலோ இரண்டு மேசை போட்டால் கண்காட்சி.

செய்முறை எளிது. வெயில் ஏறி இலை உலர்ந்த பிறகு பூவோடு சேர்ந்த கிளையாக வெட்டுங்கள். செய்தித்தாளுக்கு நடுவே விரித்து, ஒரு இலையையாவது திருப்பிப் போட்டு அடிப்பக்கம் தெரியவிடுங்கள். மேலே பலகை, அதன்மேல் செங்கல். நம் ஊர் ஈரத்துக்கு முதல் வாரம் தினமும் தாளை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். மொறமொறப்பாகக் காய்ந்ததும் தடித்த வெள்ளைத் தாளில் ஒட்டலாம். பக்கத்தில் பிள்ளை வரைந்த படம் ஒன்று. அதற்கும் பக்கத்தில் அதே செடியைப் பற்றி யாராவது வண்ணத்திலோ துணியிலோ களிமண்ணிலோ செய்த ஒரு படைப்பு. முருங்கை, வல்லாரை, தொட்டாற்சிணுங்கி என்று எதில் வேண்டுமானாலும் தொடங்கலாம். பால் மரம் இன்னும் நிற்கிற தோட்டம் தெரிந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள்.

சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள், மை ஈரத்தில் ஊறிவிடும். செடியின் பெயரைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் எப்படிச் சொன்னார்களோ அப்படியே முதலில் எழுதி, அறிவியல் பெயரை அடுத்த வரியில் போடலாம். பால் மரத்துக்கு ஹீவியா பிரசிலியென்சிஸ். இடம் என்ற வரியில் தோட்டத்தின் பெயரோடு டிவிஷனையும் (தோட்டப் பிரிவையும்) போடுங்கள், அப்புறம் தேதி. சேகரித்தவர் என்ற வரியில் கிளையை வெட்டிய பிள்ளையின் பெயர், அதன் கீழே, செடியை அடையாளம் காட்டிய பாட்டியின் முழுப் பெயர்.